ஒழுகுகிற வாய்க்காலைக் காக்கும் மலைக்கிராமம்

வாய்க்கால் கரையில் ஒரு முழ அகலத்துக்கு உடைப்பு. தண்ணீர் சலசலவென்று சரிவில் இறங்கிப் புல்லுக்குள் போய் மறைந்துகொண்டிருந்தது. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. பக்கத்தில் கிடந்த புல்லோடு சேர்ந்த மண்கட்டி ஒன்றைப் பெயர்த்து அடைக்கக் குனிந்தேன். பின்னால் வந்துகொண்டிருந்த பெரியவர் ஏதோ சத்தம் போட்டார்.

"அப்பா, கையை எடுங்க. அது உடைஞ்சது இல்லையாம். அவரே வெட்டிவிட்டதாம்" என்றாள் மகள்.

தண்ணீரை எதற்குக் காட்டுக்குள் வெட்டிவிட வேண்டும்? கீழே வயல் இருக்கிறது, காய்கறித் தோட்டம் இருக்கிறது. இங்கே இருப்பது புல்லும் முள்புதரும்தான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் கதைதான் இது.

மகள் ஸ்பெயின் நாட்டின் கிரனடா நகரத்தில் படிக்கிறாள். போன மே மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, "அரண்மனை எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு இடம் இருக்கு" என்று பஸ் ஏற்றிவிட்டாள். மலைப்பாதையில் வளைந்து வளைந்து அரை நாள் போய்விட்டது. இறங்கிய ஊர் பெர்ச்சுலெஸ். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். பக்கத்துச் சிற்றூரான அல்கூத்தரையும் சேர்த்து ஒரே ஊராட்சி. மொத்தம் எழுநூறு பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். குவாதல்ஃபெயோ என்கிற ஆறு இந்த ஊர் எல்லைக்குள்தான் பிறக்கிறது.

ஊருக்கு மேலே நிற்பது சியரா நெவாடா. பனி மூடிய மலைத்தொடர் என்று அர்த்தம். அதன் உயரமான சிகரம் முலாசென், 3,479 மீட்டர். மலையின் தெற்குச் சரிவுக்கு அல்புஹாரா என்று பெயர். சிகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். உச்சியில் பனி, அடிவாரத்தில் கரும்பு விளைந்த கடற்கரை. இடையில் வெள்ளை வெள்ளையாகக் கிராமங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இங்கே மழைக்கணக்கு நமக்கு நேர்மாறு. குளிர்காலத்தில்தான் மழையும் பனியும். ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை அநேகமாக ஒரு சொட்டு இல்லை. மலைமேல் கிடக்கும் பனி மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் உருகி ஆற்றில் புரண்டு வருகிறது. அந்தச் சமயத்தில் பயிருக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை. தக்காளியும் அவரையும் தண்ணீருக்குத் தவிக்கும் ஆகஸ்டில் பனி தீர்ந்துபோயிருக்கும். வருகிற காலத்தில் வேண்டாம், வேண்டுகிற காலத்தில் வராது. 'மழைக்காலத்தில் கிணறு கையால் மொள்ளும் அளவு நிறைகிறது, சித்திரையில் தரை தட்டுகிறது, நிறைகிற தண்ணீரை எங்கே கொண்டுபோய் வைப்பது?' என்று நம் இதழின் கேள்வி பதில் பக்கத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்கிறோமே, கிட்டத்தட்ட அதே சங்கடம்.

இவர்கள் அணை கட்டவில்லை. செங்குத்து மலையில் கட்டவும் முடியாது. மலைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

மலைக்குள் ஒரு தொட்டி

பெரியவர் எழுபது வயதைத் தாண்டியவர். ஊர்ப் பாசனக்காரர்கள் சேர்ந்து நியமித்த வாய்க்கால் காவலர். நம் பக்கத்தில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்கிறோமே, அந்த வேலைதான். அசேகியேரோ என்கிறார்கள். வாய்க்காலுக்கு அசேகியா. தோளில் மண்வெட்டி, காலில் ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கவனித்தது என் உள்ளங்கையைத்தான். காய்ப்பு இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

இந்த மலையில் இரண்டு வகை வாய்க்கால் உண்டு. ஒன்று நேரே வயலுக்குப் போகும் பாசன வாய்க்கால். அது ஊரை ஒட்டிக் கீழே ஓடுகிறது. இன்னொன்று அதற்கெல்லாம் மேலே, ஆற்றின் தலைப்பகுதியில் தொடங்கி, மலையின் இடுப்பில் அரைஞாண் மாதிரி சுற்றி வருகிறது. அதற்குக் 'கரேயோ' வாய்க்கால் என்று பெயர். அது எந்த வயலுக்கும் போவதில்லை. மண்ணிலும் உதிர்ந்த பாறையிலும் வெட்டியது. கரைக்குப் புல்கட்டியும் களிமண்ணும் கல்லும்தான். போகிற வழியெல்லாம் கசிகிறது. கசிய வேண்டும் என்றே வெட்டியிருக்கிறார்கள்.

அது போதாதென்று ஆங்காங்கே கரையை வெட்டித் தண்ணீரைச் சரிவில் பரவவிடுகிறார்கள். எங்கே வேண்டுமானாலும் வெட்டுவதில்லை. பாறை உளுத்து, அடுக்கடுக்காகப் பிளந்து, தண்ணீரை 'மடக்கென்று' குடித்துவிடுகிற இடங்கள் உண்டு. அவற்றுக்குச் 'சீமா' என்று பெயர். நான் அடைக்கப் பார்த்தது அப்படி ஓர் இடத்துக்குப் போகிற வாயைத்தான். அங்கே போய் நின்று பார்த்தேன். நல்ல பருமனாக வந்த தண்ணீர் ஐம்பது அடி தூரத்துக்குள் புல்லில் நனைப்பு மட்டும் விட்டுவிட்டுக் காணாமல் போயிருந்தது.

போன தண்ணீர் பாறை இடுக்கில் மெல்ல மெல்ல இறங்குகிறது. ஆற்றில் விட்டால் சில மணி நேரத்தில் கடலைப் பார்த்து ஓடிவிடும் தண்ணீர், மலைக்குள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கிறது. பிறகு ஊருக்கு மேலேயும் கீழேயும் ஊற்றாகக் கண் திறக்கிறது. ஏப்ரல் மாதப் பனி, ஆகஸ்டு மாதம் தக்காளிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் கீழே இருக்கும் பாசன வாய்க்கால் பிடித்து வயலுக்குக் கொண்டுபோகிறது. இரவில் வரும் தண்ணீரைச் சேர்த்துவைக்கச் சின்னச் சின்னத் தொட்டிகளும் உண்டு.

எந்தச் சீமாவில் விட்டால் எந்த ஊற்று பெருகும் என்பது பெரியவருக்கு மனப்பாடம். ஒரு சீமாவைக் காட்டி, "இது அந்த வாதுமைக் கொட்டைத் தோட்டத்துக்கு மேலே இருக்கிற ஊற்று" என்றார். அடுத்ததைக் காட்டி, "இது ஆட்டுக்காரங்களோடது" என்றார். மேய்ச்சல் புல்லுக்காகவே தண்ணீர் விடுகிற இடம் அது. யாருக்கு எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்ற முறையும் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்.

பெர்ச்சுலெஸ் பக்கம் இருக்கும் எஸ்பீனோ என்கிற கரேயோ வாய்க்காலை நீரியல் ஆய்வாளர்கள் பல மாதம் அளந்து பார்த்தார்கள். 2019-ல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை, ஐரோப்பாவிலேயே மிகப் பழைய நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் முறை இதுதான் என்கிறது. செறிவூட்டல் கிணறு, கசிவுநீர்க் குட்டை என்றெல்லாம் இன்று நாம் பேசும் விஷயத்தை இந்த மலைக்காரர்கள் ஏறத்தாழ ஆயிரம் வருஷமாக மண்வெட்டியோடு செய்துகொண்டிருக்கிறார்கள்.

வெட்டியவர்கள் எங்கே?

வாய்க்காலை வெட்டியவர்களின் வாரிசுகள் இன்று இந்த ஊரில் இல்லை. இதைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது.

கி.பி. 711-ல் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் வந்தன. அதன்பின் பல நூற்றாண்டு காலம் தெற்கு ஸ்பெயின் அவர்கள் ஆட்சியில் இருந்தது. படைக்குப் பின்னால் உழவர்களும் வந்தார்கள். வறண்ட நிலத்தில் தண்ணீரை நடத்தத் தெரிந்தவர்கள். உள்ளூர்க்காரர்களோடு கலந்தார்கள், மலையைப் படிக்கட்டு வயல்களாக வெட்டினார்கள், வாய்க்கால் இழுத்தார்கள். இன்றைக்கும் ஸ்பானிய மொழியில் தண்ணீர் சம்பந்தமான சொற்கள் பல அரபு மொழியிலிருந்து வந்தவைதான். அசேகியா அரபுச் சொல். தொட்டிக்குச் சொல்லும் அல்பெர்க்காவும் அப்படித்தான். குவாதல்ஃபெயோ ஆற்றின் பெயரில் இருக்கும் 'குவாத்' என்பதும் ஆற்றுக்கான அரபுச் சொல்.

1492-ல் கிரனடா கிறிஸ்தவ அரசர்கள் கைக்குப் போனது. தோற்ற சுல்தானுக்கு ஒதுக்கிக் கொடுத்த பகுதி இந்த அல்புஹாராதான். அடுத்த வருஷமே அவர் கடல் தாண்டிப் போய்விட்டார். மக்கள் போகவில்லை. கட்டாயத்தில் ஞானஸ்நானம் பெற்று, மொரிஸ்கோ என்ற பெயரோடு நிலத்திலேயே இருந்தார்கள். 1567-ல் அவர்களுடைய மொழி, உடை, குளியலறை வரை எல்லாவற்றுக்கும் தடை வந்தது. 1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் மலை முழுவதும் கலகம் வெடித்தது. இரண்டு பக்கமும் கொடூரங்கள் நடந்தன. கலகக்காரர்களின் கடைசித் தலைவர் அபென் அபூ. 1571 மார்ச்சில் இதே பெர்ச்சுலெஸ் பக்கத்துக் குகையில் ஒளிந்திருந்தபோது, கூட இருந்தவர்களே அவரைக் கொன்றார்கள். உடலில் உப்பை அடைத்துக் கிரனடாவுக்குக் கொண்டுபோய், தலையைக் கூண்டில் போட்டு நகர வாசலில் தொங்கவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 1570 நவம்பரில், மொரிஸ்கோக்கள் அத்தனை பேரையும் கிரனடா நாட்டைவிட்டு வெளியேற்ற அரசர் இரண்டாம் பிலிப் உத்தரவு போட்டிருந்தார். குடும்பம் குடும்பமாக வடக்கே நடத்திக்கொண்டு போனார்கள். குளிரிலும் நோயிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மிஞ்சியவர்களையும் 1609 முதல் 1614 வரை ஸ்பெயினைவிட்டே துரத்தினார்கள்.

வெறிச்சோடிய ஊர்களில் குடியேற்ற வடக்கே காஸ்தீல், லெயோன், கலீசியா போன்ற பகுதிகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். வீடு, நிலம், மரம், தண்ணீர் முறை எல்லாவற்றையும் கணக்கெடுத்துப் பதிவேடு எழுதிப் பங்கு பிரித்தார்கள். மரத்தைத் தனியாகவே எண்ணினார்கள். நிலம் ஒருவருடையது, அதில் நிற்கும் முசுக்கொட்டை மரம் இன்னொருவருடையது என்பது மொரிஸ்கோ காலத்தில் சாதாரணம். அல்புஹாராவின் பட்டு அந்த அளவுக்குப் பேர்பெற்றது.

வந்தவர்கள் மழைநாட்டுக்காரர்கள். இந்த மலையில் தண்ணீரை எப்படி நடத்துவது என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? வாய்க்கால் முறையைச் சொல்லிக்கொடுப்பதற்காக ஊருக்கு இரண்டு மொரிஸ்கோ குடும்பங்களை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று அல்புஹாராவில் வழிவழியாகச் சொல்கிறார்கள். பெரியவரும் சொன்னார். "அவங்க எங்க தாத்தாவோட தாத்தாவுக்குத் தாத்தாவுக்குக் கத்துக்கொடுத்தாங்க. பேரு கூடத் தெரியாது" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மண்கூரையும் ஆகஸ்டு புத்தாண்டும்

ஊருக்குள் பார்க்க ஒரு நாள் போதும். தெருக்கள் இரண்டு ஆள் அகலம். ஒரு வீட்டின் கூரைதான் மேல் வீட்டுக்காரருக்கு வாசல் மாதிரி. கூரை தட்டையாக இருக்கிறது. செஸ்ட்நட் மர உத்திரம், மேலே நாணல் அல்லது தட்டைக்கல், அதற்கும் மேலே லௌனா என்கிற சாம்பல்நிறக் களிமண். மக்கிப்போன பலகைக்கல் பாறைதான் அது. பரப்பி மிதித்துவிட்டால் நனைந்ததும் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. தேய்பிறையில்தான் லௌனா போட வேண்டும் என்பது இவர்களுடைய நம்பிக்கை. மூங்கில் வெட்ட நாம் பிறை பார்ப்பது ஞாபகம் வந்தது. இந்தக் கூரையில்தான் மிளகாய், அத்திப்பழம், சோளம் எல்லாம் காய்கிறது. தெருவுக்குக் குறுக்கே இரண்டு வீடுகளை இணைத்து மேலே அறை கட்டி, அடியில் நிழலாக விட்டிருக்கிறார்கள். இந்த அமைப்புக்குத் தினாவோ என்று பெயர். மதியத்தில் கிழவிகள் நாற்காலி போட்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஊர்க்காரர்கள் நமக்குப் பெருமையோடு சொல்லும் கதை ஒன்று உண்டு. 1994 டிசம்பர் 31 இரவு கரண்ட் போய்விட்டது. ஸ்பெயினில் நள்ளிரவு மணி பன்னிரண்டு அடிக்கும்போது ஓர் அடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை சாப்பிட்டால்தான் புத்தாண்டு. கரண்ட் இல்லாமல் கொண்டாட்டம் கெட்டது. வாங்கிவைத்த சரக்கெல்லாம் கடைக்காரர்களுக்கு நஷ்டம். யோசித்துப் பார்த்து, வெளியூர் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிற ஆகஸ்டு மாதத்துக்குப் புத்தாண்டைத் தள்ளிவைத்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டு முதல் வாரக் கடைசியிலும் பெர்ச்சுலெஸில் திராட்சை, மணி, வாழ்த்து எல்லாம் உண்டு. அக்கம்பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது.

அந்த வெளியூர் போன பிள்ளைகள்தான் இந்த ஊரின் கவலையும். 1950-களிலிருந்து அல்புஹாரா காலியாகிக்கொண்டே இருக்கிறது. பார்சிலோனாவுக்குப் போனார்கள், பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். பிறகு மலைக்குக் கீழே அல்மெரியா கடற்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கூடாரமாக வந்த பசுமைக்குடில்களுக்குப் போனார்கள். பெரியவரின் மகனும் அங்கேதான். படிக்கட்டு வயல்களில் பாதிக்கு மேல் புதர் மண்டிக் கிடப்பதை நானே பார்த்தேன். விவசாயம் செய்பவர்கள் கோடையில் செர்ரித் தக்காளி, அவரை வகைகள் போட்டு உருப்படியாகச் சம்பாதிக்கத்தான் செய்கிறார்கள். கடற்கரை வெயிலில் தக்காளி தாங்காத மாதங்களில் இந்தக் குளிர்ந்த மலையில் காய்க்கிறது. ஆள்தான் போதவில்லை.

ஆள் குறைந்தால் முதலில் போவது வாய்க்கால். ஒரு வருஷம் தூர் வாராமல் விட்டால் சரிவிலிருந்து மண் விழுந்து மூடிவிடும். மூன்று வருஷம் விட்டால் எங்கே இருந்தது என்று தேட வேண்டும். இதற்கு மருந்தாக அல்புஹாராவின் பல இடங்களில் பாசன வாய்க்கால்களுக்குச் சிமென்ட் பூசினார்கள், குழாய் பதித்தார்கள். தண்ணீர் வீணாகாது என்றார்கள். வயலுக்குச் சீக்கிரம் வந்தது உண்மை. வாய்க்கால் கரையில் கசிவைக் குடித்து வளர்ந்த நூறு வருஷத்து செஸ்ட்நட் மரங்கள் பட்டுப்போனதும் உண்மை. கீழே இருந்த ஊற்றுகளும் இளைத்தன. ஆக, நஷ்டம் என்று நினைத்த கசிவில்தான் மரமும் ஊற்றும் பிழைத்திருக்கின்றன. இதைச் சொல்லும்போது பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. மகள் அதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தாள்.

எல்லா ஊரிலும் கதை இப்படியே முடியவில்லை. மேற்கே காஞ்ஞார் என்ற கிராமத்தில் பர்ஹாஸ் என்ற வாய்க்கால் பல வருஷமாகத் தூர்ந்து கிடந்தது. 2014-ல் கிரனடா பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று மாணவர்களையும் தொண்டர்களையும் சேர்த்துக்கொண்டு ஊர்க்காரர்களோடு இறங்கி அதை வாரித் தண்ணீர் விட்டது. அதன்பிறகு கிரனடா, அல்மெரியா மாகாணங்களில் இன்னும் பல வாய்க்கால்கள் இதே முறையில் உயிர் பெற்றிருக்கின்றன. வாய்க்கால் எந்த வழியாகப் போனது, மடை எங்கே இருந்தது என்று காட்டியவர்கள் வயதான அசேகியேரோக்களும் ஆடு மேய்ப்பவர்களும்தான். பேராசிரியர்கள் மண்வெட்டி பிடித்திருக்கிறார்கள். இந்தச் செய்தியே எனக்குப் பிடித்திருந்தது.

நம் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை. சரிவான நிலத்தில் நினைத்த இடத்தில் தண்ணீரை நிறுத்தினால் மண் சரிந்து கீழே இருக்கும் வீட்டின் மேல் விழும். அந்த மலையின் பாறை தண்ணீரைக் குடிக்கும் பாறை. எங்கே குடிக்கும், எங்கே சரியும் என்று பல தலைமுறை பார்த்துப் பார்த்து ஒதுக்கிய இடங்கள் அவை. பெரியவரிடம் நான் இதைத்தான் கடைசியாகக் கேட்டேன். புதிதாக ஒரு சீமா தேட வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள் என்று. "தேட மாட்டேன். எங்க அப்பா காட்டினதையே நான் மூடாம வச்சிருந்தா போதும்" என்றார்.

இப்போது நம் கிராமங்களிலும் பிள்ளைகளை ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பிய குடும்பங்கள் இருக்கின்றன. போய்ப் பார்க்க வாய்த்தால் மே மாதம் போங்கள். மேலே பனியும் இருக்கும், வாய்க்காலில் தண்ணீரும் இருக்கும். கிரனடாவிலிருந்து பெர்ச்சுலெஸுக்கு பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் குளிரும், கம்பளி வேண்டும். ஊருக்குள் தெருவோரக் குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கிறது. நான் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அது எந்தச் சீமாவின் தண்ணீர் என்று கேட்க மறந்துவிட்டேன்.